மூன்று பைகளும் ஒரு மோட்டார் ஸ்கூட்டரும்

மோட்டார் ஸ்கூட்டரில் ஊர் சுற்றப் போகிறேன் என்று சொன்னால், வண்டி எந்த ஆண்டில் வாங்கியது என்று நண்பர்கள் முதலிற் கேட்பார்கள். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோ மீற்றர் ஓடும் என்பது அடுத்த கேள்வி. எதை, எந்தப் பையில், வண்டியின் எந்த இடத்திற் கட்டிக்கொண்டு போகிறாய் என்று இதுவரை கேட்டவர் எவருமிலர். இருமுறை நெடுவழி சென்று திரும்பிய பின்னர், அதுவே முதற் கேள்வியாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். அந்த எண்ணம் எனக்கு எவ்வாறு உண்டாயிற்று என்பதையே இங்கு சொல்லப் புகுந்தேன். விடுமுறையிற் பயணம் புறப்படும் மாணவர்க்கும் அவரை வழியனுப்பும் பெற்றோர்க்கும் இது சிறிதேனும் பயன்படலாம்.

2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குத் தனியே புறப்பட்டேன். கோணேசர் கோயிலைத் தரிசிப்பதும், வழியிலுள்ள வன்னிக் காடுகளையும் குளங்களையும் ஆறுதலாகப் பார்ப்பதுமே நோக்கம். பயணத்துக்கென்று 45 லீற்றர் கொள்ளளவுள்ள பெரியதொரு பிளாஸ்ரிக் பெட்டியை வாங்கிப் பின் ஆசனத்துக்கும் பின்னால், இரும்புத் தாங்கியிற் பூட்டினேன். பெட்டி பெரிதாயிருந்தால் அதை நிரப்பாமல் விட மனித மனம் ஒப்புவதில்லை. உடுப்புகளின் மேல் மூன்று புத்தகங்கள் ஏறின. அவற்றின் மேல் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களும் ஸ்பனர் முதலிய கருவிகளும் ஏறின. திருகோணமலையிலுள்ள தமையனார் வீட்டுக்கென ஒரு போத்தல் நல்லெண்ணெயும் ஆறு கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களும் இறுதியாக வந்து சேர்ந்தன. நிறுத்துப் பார்க்கவில்லை. பதினைந்து கிலோவுக்குக் குறைந்திராது.

ஊருக்குள் ஓடும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. ஏறக்குறைய ஐம்பது கிலோ மீற்றர் கடந்து ஆனையிறவை அடைந்தபோதுதான் வண்டியின் குணம் மாறிற்று. அங்கே இருமருங்கும் மரமில்லை; வெளியும் நீருமே உண்டு. ஆகஸ்ட் மாதத்துச் சோளகக் காற்று வலப்புறத்துக் கடல்நீரேரியைத் தாண்டித் தடையின்றி வந்து மோதும். முதுகுக்குப் பின்னால் உயர்ந்து நின்ற அந்தப் பெட்டி தோணியின் பாய்போற் காற்றைப் பிடித்துக்கொண்டது. வண்டியின் பின்பாகம் ஒருபுறம் இழுபட, முன்சில்லோ தரையிற் பட்டும் படாததுபோல் மிதந்தது. எதிரே வந்த பஸ்ஸொன்று கடந்து சென்ற வேகத்தில், கைப்பிடி என் கைக்குள் உதறிற்று. அந்தக் கணத்தில் நான் நினைத்தது கோணேசரையல்ல. வீட்டிலிருக்கும் இரு பிள்ளைகளையே.

அடுத்த இருபத்தைந்து கிலோ மீற்றரை மாட்டுவண்டியின் வேகத்திற் கடந்து முறிகண்டியை அடைந்தேன். அவ்வழிப் போவோர் எல்லாரும் இறங்கும் இடம் அது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்காமல் அப்பாற் செல்பவர் அரியர். நானும் தேங்காய் உடைத்தேன். கச்சான் விற்கும் அம்மையாரிடம் வெற்றுச் சாக்கொன்றை விலைகொடுத்து வாங்கி, எண்ணெய்ப் போத்தல், தண்ணீர், புத்தகங்கள், கருவிகள் யாவற்றையும் அதிற் போட்டு, காலை வைக்கும் தளத்தில், இரு பாதங்களுக்கும் நடுவே கிடத்திக் கட்டினேன். பெட்டியில் எஞ்சியவை உடுப்பும் மாம்பழமுமே. அதன்பின் அதே காற்றில், அதே வண்டி, அதே பாரத்தோடு அமைதியாக ஓடிற்று. பாரம் ஒரு கிராமும் குறையவில்லை. இருந்த இடம் மட்டுமே மாறியிருந்தது.

இதன் காரணம் ஸ்கூட்டரின் பிறப்பிலேயே இருக்கிறது. 1946ஆம் ஆண்டில் இத்தாலியின் பொந்தெதேரா நகரிற் பியாஜியோ நிறுவனத்தார் முதலாவது வெஸ்பாவை வெளியிட்டனர். அதை வடிவமைத்த கொராடீனோ தஸ்கானியோ என்பவர் விமானப் பொறியியலாளர். மோட்டார் சைக்கிளில் விருப்பமில்லாதவர். ஏறுவதற்குக் காலைத் தூக்கிப் போடவேண்டாம், எண்ணெய் உடையிற் படவேண்டாம் என்று கருதி, இயந்திரத்தைப் பின்சில்லின் பக்கத்துக்கு ஒதுக்கினார், முன்னே கால் வைப்பதற்குத் தளம் அமைத்தார், சில்லுகளைச் சிறிதாக்கினார். ஆகவே ஸ்கூட்டரின் பாரம் இயல்பாகவே பின்புறம் சாய்ந்தது. சில்லு சிறிதாதலாற் பள்ளங்களும் அதற்குப் பெரிதாகத் தோன்றும். அத்தகைய வண்டியிற் பின்னாலும் உயரத்திலும் மேலும் பாரம் ஏற்றுவது அறிவுடைமையன்று.

நம் ஊர்க் கிணற்றுத் துலாவை அறிந்தவர்க்கு இதை விளக்குவது எளிது. துலா மிதிப்பவர் ஆடுகாலுக்கு அப்பால் ஓரடி பின்னே வைத்தால் முன்தலை மேலே எழும். ஓரடி முன்னே வைத்தால் தாழும். ஸ்கூட்டரின் பின்சில்லு அச்சே அந்த ஆடுகால். சில்லுகளிரண்டுக்கும் இடையே 125 சென்ரிமீற்றர் தூரமுள்ள வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் பின்னால் 10 கிலோ வைத்தால், முன்சில்லு தாங்கும் பாரத்தில் 2.4 கிலோ குறையும். அதே 10 கிலோவை அச்சுக்கு 70 சென்ரிமீற்றர் முன்னால், கால் தளத்தில் வைத்தால் முன்சில்லுக்கு 5.6 கிலோ கூடும். ஆக, வேறுபாடு 8 கிலோ. முன்பக்கம் இலேசான வண்டிக்கு இது சிறிய தொகையன்று.

திருகோணமலையாற் திரும்பியதும் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டேன். லொறிகளுக்குப் படங்கு தைக்கும் முதியவர் ஒருவர் நகரில் இருக்கிறார். அவரிடம் வண்டியோடு சென்று, தண்ணீர் புகாத துணியிற் பைகள் தைத்துத் தரவேண்டும் என்றேன். அவர் சிரித்தார்.

"துணி தண்ணியை விடாது, சேர். ஊசி போன துவாரந்தான் விடும். எந்தக் கடையில வாங்கினாலும் முதலிலை தையலைப் பாருங்கோ" என்றார்.

"அப்படியானால் என்ன செய்யலாம், அண்ணை?"

"வாயை மூண்டு தரம் சுருட்டிக் கட்டுற மாதிரித் தைச்சுத் தாறன். உள்ளுக்கு உரப்பையின்ர பொலித்தீனைத் தனியாப் போடுங்கோ. வெளிப்பை நனையட்டும், உள்பை நனையாது. சிப்பு வைக்கச் சொல்லாதையுங்கோ. மழை தேடி வாற வாசல் அது."

அன்று அவர் கற்பித்தவற்றை எந்த விலைப்பட்டியலிலும் நான் கண்டதில்லை. முதலாவது, கால் தளத்துக்குரிய பை. அது அகலங் குறைந்து நீண்டதாயிருக்க வேண்டும். பாதங்கள் இரண்டும் முழுமையாகத் தளத்திற் படவேண்டும். கைப்பிடியை இரு பக்கமும் இறுதிவரை திருப்பினாலும் எதுவும் அதிற் தட்டக்கூடாது. பாரமான பொருள்கள் யாவும் இதற்குள்ளேயே செல்லும்.

இரண்டாவது, பின் ஆசனத்துக்குரிய பை. உடுப்பு, போர்வை முதலிய இலேசான பொருள்களுக்கு இது. என் வண்டியிற் பெற்றோல் மூடி ஆசனத்தின் கீழே இருக்கிறது. பல ஸ்கூட்டர்களில் அவ்வாறுதான். பையை வண்டியின் உடலோடு சேர்த்துக் கட்டினால், பெற்றோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் கட்டெல்லாம் அவிழ்க்க வேண்டும். முதியவர் வாரை ஆசனத்தை மட்டும் சுற்றிவரச் செய்தார். ஆசனத்தைத் தூக்கினாற் பையும் அதனோடு எழும். கொளுக்கி வைத்த றப்பர் கயிறு வேண்டாம் என்றும் தடுத்தார். அது பள்ளந்தோறும் நீண்டு சுருங்குவதாற் பை நகரும். கைதவறினாற் கொளுக்கி கண்ணைக் குத்தும். பக்கிள் வைத்த வாரே சிறந்தது. எஞ்சிய வார்நுனியைச் சுருட்டிக் கட்டாவிட்டால் அது சில்லிற் சிக்கும்.

பக்கங்களில் தொங்கும் பைகளும் வேண்டுமோ என்று கேட்டேன். அவர் விடை கூறாமல், சூடாயிருந்த சைலன்சரின் அருகே ஒரு துண்டுப் பொலித்தீனைப் பிடித்தார். அது சுருண்டு உருகிற்று. அத்துடன் அந்தக் கேள்வி முடிந்தது. ஆசனத்தின் கீழே ஏறக்குறைய 20 லீற்றர் அறையொன்று வண்டியோடேயே இருக்கிறது. இயந்திரத்தின் சூடு ஏறும் இடமாதலால் மருந்தோ உணவோ அங்கு வைக்கலாகாது. கருவிகளுக்கும் மழைக்கோட்டுக்குமே அது ஏற்றது.

"மூண்டாவது பை ஒண்டும் சொன்னீங்கள். அது எங்கை கட்ட?" என்று அவர் கேட்டார்.

"வண்டியிலல்ல, அண்ணை. என் நெஞ்சிலே" என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நாடாவை எடுத்து என் தோளை அளந்தார். அவருடைய வயதுக்கு அது விளங்கியிருக்க வேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்குப் புறப்பட்ட இரவில் எனக்குப் பதினாறு வயது. எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். அப்பா அதன் கரியரில் அரிசிச் சாக்கையும், கம்பியிற் பாயையும், கைப்பிடியிற் பானையையும் கட்டினார். தையற் பொறியைக் கொண்டுவர வேண்டும் என்று அம்மா விரும்பினார். அப்பா அதைத் தூக்கிக் கரியரில் வைத்துப் பார்த்தார். பின்பு ஒன்றும் பேசாமல் இறக்கி வைத்தார். புறப்படும் வேளையில், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், எங்கள் பரீட்சைப் பெறுபேறுகள் ஆகியவற்றைப் பொலித்தீனிற் சுற்றித் துணிப்பையொன்றில் இட்டுச் சட்டைக்குள்ளே நெஞ்சோடு மாட்டிக்கொண்டார்.

மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மனித வெள்ளம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நெரிசலில் எங்கள் சைக்கிள் ஒருமுறை சரிந்தபோது பானை போயிற்று. அரிசியிற் பாதியும் சேற்றிற் போயிற்று. அப்பா குனிந்து அள்ள முயலவில்லை. கையை நெஞ்சில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு மேலே நடந்தார். பிற்காலத்தில் நான் பல்கலைக்கழகம் புகுந்தது அந்தத் துணிப்பையில் உலர்ந்திருந்த தாள்களைக் காட்டியே. தையற் பொறியை நாங்கள் மீண்டும் காணவில்லை. அம்மா அதைப்பற்றி ஒருநாளும் குறை சொன்னதுமில்லை.

எதை இழந்தால் ஈடுசெய்ய முடியாதோ அதை வண்டியிற் கட்டாதே என்பது அப்பா வாயாற் சொல்லாத பாடம். 2002ஆம் ஆண்டில் ஏ-9 வீதி மீண்டும் திறக்கப்பட்ட பின் அவ்வழிப் பயணஞ் செய்தோர் வேறொரு பாடமும் கற்றனர். ஓமந்தையிலும் முகமாலையிலும் ஒவ்வொரு பையும் திறக்கப்பட்டுப் பொருள்கள் யாவும் மேசைமேற் பரப்பப்பட்டன. ஐந்து நிமிடத்தில் அவிழ்த்து ஐந்து நிமிடத்தில் மீளக் கட்டக்கூடிய பையே நல்ல பை என்று அந்த வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். இன்றும் நான் பை கட்டும்போது, எதை முதலில் எடுக்க நேருமோ அதை இறுதியில் வைப்பது அங்கே பழகிய வழக்கமே.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் என் தமக்கையாரின் மகனுக்குப் பதுளையில் ஒரு நேர்முகத் தேர்வு வந்தது. அவனிடமும் ஸ்கூட்டர் இருந்தது. மலைநாட்டைப் பார்த்தவாறே இருவரும் போகலாம் என்று தீர்மானித்தோம். மனைவியையும் அழைத்துச் செல்ல எண்ணி வண்டியின் கைநூலைப் புரட்டினேன். அது தாங்கும் பாரம் 130 கிலோ என்றிருந்தது. நான் 71 கிலோ. அவர் 56 கிலோ. மிஞ்சுவது மூன்று கிலோ. "பையை றெயிலில் அனுப்பலாமோ?" என்றேன். "இஞ்சாருங்கோ, பை உங்களோடை வரட்டும், நான் றெயிலிலை வாறன்" என்று அவர் சொல்லிவிட்டார். கடைசியில் வரவேயில்லை.

"மாமா, உங்கட பெட்டி சும்மாதானே கிடக்குது?" என்று மருமகன் கேட்டான். பாரத்தைக் குறைத்து ஏற்றுமாறு மட்டும் சொல்லிக் கொடுத்தேன். இளைஞர் தாமே கற்பதற்கும் இடம் வேண்டும். பத்துக் கிலோ மீற்றர் ஓடியதும் நிறுத்திக் கட்டுகளை மீண்டும் இறுக்கினோம். ஓடத் தொடங்கிய பின்னரே மூட்டைகள் தம் இடத்தில் அமரும், வார்கள் தளரும். முறிகண்டியிற் கச்சான் கொறித்துக்கொண்டே, "சேட்டிபிக்கற் எல்லாம் எங்கையடா?" என்று கேட்டேன். "பெட்டிக்குள்ளை பத்திரமா இருக்குது, மாமா" என்றான். பூட்டிய பெட்டி; அவன் கருத்திற் தவறில்லை. ஆயினும் அவற்றை எடுப்பித்து, பொலித்தீனிற் சுற்றி, என் நெஞ்சுப் பையைக் கழற்றி அவனுக்கு மாட்டினேன். அவன் முகத்திற் சலிப்புத் தெரிந்தது. நான் விளக்கமொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு தம்புள்ளையில் தங்கினோம். அங்குள்ள பெரிய மரக்கறிச் சந்தையில் லொறிகளுக்கு மூட்டை ஏற்றும் நாட்டாமிமாரைக் கண்டோம். உருளைக்கிழங்கும் பூசணியும் அடியில், கோவாவும் தக்காளிப் பெட்டிகளும் மேலே. எங்கள் துலாக் கணக்கை அவர்கள் தோளாலேயே கற்றிருக்கிறார்கள். மறுநாள் மாத்தளையையும் கண்டியையும் கடந்து கம்பளையை அடையும்வரை வெயில். புசல்லாவையை நெருங்கியபோது மலை முழுவதும் மழை முகிலுக்குள் மறைந்திருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழை அந்தச் சரிவிலேயே கொட்டித் தீர்க்கிறது.

அந்த மழையிலும் தேயிலைச் சரிவுகளில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தலையிலே வாரை மாட்டி முதுகிலே பையைத் தொங்கவிட்டிருந்தனர். பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அளவிற் பறித்தாற்றான் முழுச் சம்பளம். பையின் வடிவத்தையும் பாரத்தின் அளவையும் பற்றி நான் ஒரு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவர்களுக்கோ பாரம் குறைந்தாற் கூலியும் குறையும். என் ஆராய்ச்சி ஓர் ஓய்வுக்காரனின் ஆராய்ச்சி என்பது அங்கே எனக்கு உறைத்தது.

றம்பொடையில் 109 மீற்றர் உயரத்திலிருந்து நீர்வீழ்ச்சி இரைந்து விழுகிறது. அவ்விடத்து வளைவுகளில் முன்சில்லு வழுக்காமற் பிடித்துக்கொண்டு ஏறிற்று; ஆனையிறவின் அச்சம் எனக்கு மீண்டும் வரவில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை நடுங்கிக்கொண்டு அடைந்தோம். என் பைகளின் வெளிப்புறம் தொப்பையாக நனைந்திருந்தது. உள்ளே சாரமும் சட்டையும் சலவையிலிருந்து வந்தவைபோல் இருந்தன. மருமகன் பெட்டியைத் திறந்தான். மூடியின் றப்பர் விளிம்பு ஓராண்டு வெயிலில் வெடித்திருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. அடியில் நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். நேர்முகத் தேர்வுக்கென்று மடித்து வைத்த வெள்ளைச் சட்டை, கறுத்தச் சப்பாத்தின் சாயம் ஊறிக் கிடந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அவன் கை நெஞ்சுக்குத்தான் போயிற்று. பையைத் திறந்து ஒவ்வொரு தாளாக விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தான். எல்லாம் உலர்ந்திருந்தன.

அந்த இரவிலேதான் அவனுக்கு 1995ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். அவன் பிறந்தது அந்த ஆண்டில்; தாயின் தோளிற் கிடந்து அதே பாலத்தைக் கடந்தவன். தன் பேரன் சைக்கிளில் எதைக் கட்டினார், எதை விட்டுவந்தார் என்பதை அதுவரை ஒருவரும் அவனுக்குச் சொன்னதில்லை.

மறுநாட் காலை சீத்தா எலியவிலுள்ள சீதையம்மன் ஆலயத்தில் வணங்கினோம். இராவணன் கவர்ந்து சென்றபோது சீதை தன் அணிகலன்களை மேலாடைத் துணியில் முடிந்து மலைமேலிருந்த வானரர் நடுவே போட்டாள் என்பது இராமகாதை. அந்தச் சிறு முடிச்சே பின்பு இராமனுக்கு அவள் சென்ற திசையை உணர்த்திற்று. மருமகன் அதைத் தானே நினைவுகூர்ந்து சொன்னான். ஹக்கலையைத் தாண்டி வெலிமடையை நோக்கி இறங்க, முந்தியநாள் பெய்த மழையின் சுவடேயில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபுறத்திலேயே தன் நீரை இறக்கிவிட்டு, ஊவாவுக்கு வெறுங்கையோடு வருகிறது. வெயிலில் எங்கள் பைகள் ஓடும்போதே காய்ந்தன.

பதுளையில் அவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனான். தோள் இரண்டும் தொளதொளத்துத் தொங்கின. வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அம்முறை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறோரிடத்தில், அதே தாள்களைக் காட்டி, அளவான சட்டையோடு சென்று வேலை பெற்றான். என் நெஞ்சுப் பையை அவன் இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. படங்கு தைக்கும் முதியவரிடம் எனக்கு வேறொன்று தைப்பித்துக்கொண்டேன்.

பயணப் பை வாங்கப் போகும் மாணவர்க்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. கடைக்குப் போகுமுன் வீட்டுத் திண்ணையில் எல்லாவற்றையும் பரப்பி வையுங்கள். பாரமானவை, இலேசானவை, இழக்கலாகாதவை என மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது தாழ்வாகவும் வண்டியின் நடுவிலும் போகட்டும். இரண்டாவது பின்னே போகட்டும். மூன்றாவது உங்களோடு போகட்டும். இம்மூன்றிலும் அடங்காத நாலாவது குவியல் ஒன்று நிச்சயமாக மிஞ்சும். அது வீட்டிலேயே இருக்கட்டும்.

45 லீற்றர் பெட்டி இப்போது எங்கள் விறகுக் கொட்டிலிற் கிடக்கிறது. சென்ற மாதம் பூனை அதில் நான்கு குட்டிகள் போட்டிருக்கிறது.